வசவிலக்கணம்: கேஷுவால்ட்டிக்கு ஓர் உரை

பாயிரம்

எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரம் வைத்து, அதிகாரத்துக்கு 9 இயலாக 27 இயல் வகுத்த தொல்காப்பியர், நள்ளிரவுக்கு மேல் அரசு மருத்துவமனை கேஷுவால்ட்டியில் டியூட்டி டாக்டரை நோக்கி வரும் சொற்களுக்கென்று தனி இயல் எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் வழி காட்டாமல் போகவில்லை. செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என்று இரண்டாகப் பிரித்தார். முகத்துக்கு நேராக 'நீயெல்லாம் ஒரு டாக்டரா' என்பது செம்பொருள். 'நீங்க பெரிய டாக்டருங்க, எங்கள மாதிரி ஆளுங்களப் பாக்க உங்களுக்கு நேரம் எங்க இருக்கு' என்பது பழிகரப்பு. பிற்காலத்தில் வந்த காளமேகம் வசையைக் கலையாகவே வளர்த்தார். அறிவியலாக்குவது மட்டும்தான் பாக்கி. அதை இந்நூல் செய்யும்.

நூல் என்றால் பாயிரம் வேண்டுமே. இந்நூலின் எல்லை: மேற்கே 108 வண்டி வந்து நிற்கும் போர்ட்டிகோ, கிழக்கே எக்ஸ்ரே அறை, தெற்கே அவுட்போஸ்ட் போலீஸ்காரரின் மேசை, வடக்கே எப்போதும் பூட்டிக் கிடக்கும் டாக்டர்கள் கழிப்பறை. கேட்போர்: புதிதாகச் சேர்ந்த ஹவுஸ் சர்ஜன், ஸ்டாஃப் நர்ஸ், ஒப்பந்தத்தில் வந்த செக்யூரிட்டி. நுதலிய பொருள்: நோயாளியும் உடன் வந்தோரும் வைவதும் மிரட்டுவதும். பயன்: அடிபடாமல் வீடு திரும்புதல், திரும்பும் முன் நோயாளியைக் காப்பாற்றுதல். யாப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். இரவு டியூட்டியில் எழுதியது. சில இயல் நீளும், சில இயல் ஸ்ட்ரெச்சர் வந்ததால் பாதியில் நிற்கும்.

தொகையாகச் சொன்னால், வசவு மூன்று வகைப்படும்: நோய்வசை, அச்சவசை, அதிகாரவசை. நான்காவதாக ஒன்று உண்டு. அதற்கு ஒலி கிடையாது.

இடவியல்

வசவுக்கும் இடம் மூன்று: தன்மை, முன்னிலை, படர்க்கை. 'நான் யாருன்னு தெரியுமா?' என்பது தன்மை வசை. 'ஒனக்கெல்லாம் யாருய்யா டிகிரி குடுத்தது?' என்பது முன்னிலை வசை. 'எங்க சித்தப்பா செக்ரடேரியட்ல இருக்காரு' என்பது படர்க்கை வசை. 'அண்ணன் லைன்ல இருக்காரு, பேசுங்க' என்று செல்போனை நீட்டுவதும் படர்க்கையே. பேசுபவரும் கேட்பவரும் எதிரெதிரே நிற்க, வைபவர் மட்டும் வேறு ஊரில் இருப்பதால் அதைத் தனி இடமாகக் கொள்வாரும் உண்டு.

இதில் ஒரு நுட்பம். தன்மையில் வைபவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள விரும்புகிறவர். ஆகவே ஓ.பி. சீட்டில் உடன் வந்தவர் பெயர், உறவுமுறை, ஊர் எழுத அதுவே நல்ல நேரம். 'யாருங்க, சொல்லுங்க, எழுதிக்கறேன்' என்று பேனாவை எடுத்தால் பாதிப் பேர் அங்கேயே தணிவார்கள். மீதிப் பேர் பெயரைச் சொல்லிவிட்டுத் தணிவார்கள்.

இடத்தை வைத்து வகுப்பது மாணவர்க்குப் பயிற்சி. டியூட்டியில் இருப்பவர் காரணத்தை வைத்தே வகுக்க வேண்டும். காரணம் தெரியாமல் பதில் சொல்லப் போனால் ஒன்று நோய் தவறிப்போகும், அல்லது பல் போகும்.

நோய்வசை இயல்

வைபவன் வையவில்லை, அவன் உடம்பு வைகிறது என்பது இவ்வியலின் கருத்து. இதற்கு மதிப்பெண் போட்டவர்கள் கிளாஸ்கோ நகரத்து நரம்பியல் அறுவை நிபுணர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும். தலையில் அடிபட்டவருக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1974இல் அவர்கள் தந்த கிளாஸ்கோ அளவுகோலைத்தான் இன்றும் எல்லா கேஷுவால்ட்டியிலும் எழுதுகிறோம். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. பேச்சுக்கான ஐந்தில் மூன்றாம் படி, உரையாடலாக இல்லாமல் கத்தலும் வசவுமாகச் சொற்கள் சிதறி வருவது. அதாவது வசவுக்கு மருத்துவ நூலில் மூன்று மதிப்பெண் உண்டு. ஆனால் உங்கள் பெயர்ப்பட்டையைப் படித்து, பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்து, இன்று என்ன கிழமை, எத்தனை மணிக்கு வந்தோம், இப்போது மணி என்ன என்று கணக்கோடு வைபவருக்கு முழுசாக ஐந்து. தலையில் அடிபடவில்லை என்றால் அவரைப் பற்றி மூளை நிபுணருக்குப் போன் செய்ய வேண்டியதில்லை. வைபவர் வகை தெரியாமல் திண்டாடும் ஹவுஸ் சர்ஜனுக்கு இதைவிட நல்ல உரைகல் நான் கண்டதில்லை.

விரி: நோய்வசை பலவாகும். தாழ்சர்க்கரை வசை, உயிர்வளிக் குறை வசை, தலைக்காய வசை, வலிப்பு நின்றபின் வரும் வசை, உப்புக் குறைந்த முதியோர் வசை, ஈரல் கெட்டவர் வசை, ஊமத்தை தின்றவர் வசை. எல்லாவற்றையும் விரித்தால் நூல் பெருகும். ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம்.

வேட்டியும் ஒற்றைச் செருப்புமாக ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எழுபதுக்கு மேல் இருக்கும். ஊசியோடு நெருங்கிய ஹவுஸ் சர்ஜனின் தாயாரில் தொடங்கி மூன்று தலைமுறை மேலே போய்த் திரும்பினார். 'குடிக்கிற பழக்கமே இல்லீங்க, இன்னிக்கு என்னமோ' என்று மகன் கூசினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிடித்த கை வியர்வையில் வழுக்கியது. விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தால் சர்க்கரை மீட்டரில் 38. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏறிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வாக்கியத்தின் நடுவில், வினைமுற்று வருமுன் வசவு நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். இது எந்த ஆஸ்பத்திரி என்றார். அடுத்து இன்னொரு செருப்பு எங்கே என்றார். காணோம் என்றதும், முழு நினைவோடு, ஆஸ்பத்திரி நிர்வாகத்தை வையத் தொடங்கினார். முதல் வசவு நோய்க்குறி. இரண்டாவது குணமானதற்குச் சான்று.

காரணம் கேட்டால் கதை பழையதுதான். காலையில் போட வேண்டிய கிளைபென்கிளமைடு மாத்திரையைப் போட்டார். வயிறு சரியில்லை என்று சாப்பாட்டை விட்டார். அந்த மாத்திரையின் வேலை ஒரு குப்பி சர்க்கரையோடு அடங்காது. நினைவு வந்துவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பினால் விடியுமுன் அதே வசவோடு திரும்பி வருவார், அல்லது வராமலே போவார். ஆகவே வைதவரை ஒரு நாளாவது படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். வசவு முடிந்த பிறகும் வைத்தியம் முடியாது என்பது இதன் விதி.

வாயைத் திறந்தாலே நாற்றம் அடிக்கிறதே, குடித்தவரை எதற்குச் சோதிக்க வேண்டும் எனின், அற்றன்று. குடித்தவர்தான் விழுவார், விழுந்தவர் தலையில்தான் அடிபடும். மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்தவர், நடுவில் சற்றுத் தெளிந்து, எழுந்து உட்கார்ந்து, நம்மை நன்றாகவே வைது, பிறகு அடங்குவார். 'அப்பாடா, தூங்கிட்டான்' என்று நிம்மதியடைந்த வார்டு மறுநாள் காலை அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கேஷுவால்ட்டியில் அமைதியை எப்போதும் சந்தேகிக்க வேண்டும். டாஸ்மாக் இரவு 10 மணிக்குச் சாத்தியதும் வரும் கூட்டத்தில் வசவு மிகுதி என்பதால் எல்லாரையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது சோம்பல்.

குடித்தவன் வைவதைவிடக் குடிக்காதவன் வைவது கொடிது. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊரும், எதிரே நிற்கும் நர்ஸ் கடன்காரராகத் தெரிவார். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மதுக்கடை அடைப்பு; 2020 மார்ச்சில் ஊரடங்கு. இப்படிப்பட்ட நாட்களில் இவ்வகை பெருகும். இவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. லோரசெபாமும் தயமினும் பேசும்.

நமது வட்டாரங்களுக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் ஏற்றுகிறோம். அளவு மிஞ்சினால் அவர் காற்றில் நூல் பிரிப்பார், போர்வையைக் கிள்ளுவார், காய்ச்சல் ஏறும், சிறுநீர் நிற்கும், வயிற்றில் ஸ்டெத் வைத்தால் சத்தம் இருக்காது. கூடவே வைவார். அவர் கையைக் கட்டச் சொல்லுமுன் சொட்டு வேகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வசவை வாங்கித்தந்தது நாம் ஏற்றிய மருந்து.

அச்சவசை இயல்

இது பெரும்பாலும் நோயாளியுடையது அன்று, உடன் வந்த அட்டெண்டருடையது. நோயாளி ஒருவர், அட்டெண்டர் எட்டு என்பது நம் ஊர் விகிதம். தமிழ்நாட்டு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் வருபவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரிக்கிறோம். சிவப்புக்கு உடனே, மஞ்சளுக்குச் சற்றுப் பொறுத்து, பச்சைக்குப் பிறகு. இதனால் ஒரு விதி பிறக்கிறது: வைவது பச்சை; சிவப்புக்கு வைய மூச்சிருக்காது. மிக உரக்கக் கேட்பவர் மிகக் கடைசியில் பார்க்கப்படுவது வேறெந்த அரசு அலுவலகத்திலும் இல்லாத வழக்கம் என்பதால், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வந்தவருக்கு எப்படித் தெரியும்? 'எங்களுக்கு அப்புறம் வந்தவன உள்ள விட்டீங்க' என்பதே இவ்வியலின் தலையாய வசவு. அவர் கண்ணால் கண்டது உண்மைதான். அவர் அறியாதது, பின்னால் வந்தவருக்கு நாடி கிடைக்கவில்லை என்பது.

இவ்வகைக்கு மருந்து, செய்தி. என்ன நடக்கிறது, எவ்வளவு நேரமாகும், அடுத்து யார் வந்து பார்ப்பார் என்ற மூன்றையும் ஒருவர் வெளியே வந்து சொன்னால் பெருமளவு தணியும். ஆனால் அதைச் சொல்ல ஆள் ஒதுக்கியிருக்கிறோமா? வாசலில் முதலில் பேசுகிறவர் ஒப்பந்த செக்யூரிட்டி. மூன்று மாதத்துக்கொரு முறை மாறுகிறவர். 'போய்யா, வெளிய நில்லு' என்பதைத் தவிர வேறு வாக்கியம் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சுவரில் 'மக்கள் மனப்பான்மை மாற வேண்டும்' என்று சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் அவருக்கு நாலு வாக்கியம் சொல்லித்தரலாம் என்பது உரையாசிரியர் கருத்து.

கொதிப்பவரைத் தணிப்பது எப்படி என்று அமெரிக்க அவசர மனநல மருத்துவர்கள் 2012இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். அவர் உடம்புக்கும் நமக்கும் இரண்டு கை நீளம் இடைவெளி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுதல், சிறு சிறு வாக்கியம், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டல், ஒப்புக்கொள்ளக்கூடியதை ஒப்புக்கொள்ளுதல், எது கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லுதல், இரண்டு வழி காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுதல். எல்லாம் சரி. இரண்டு கை நீளம் என்பதுதான் இடிக்கிறது. நம் கேஷுவால்ட்டியில் இரண்டு கை நீளத்துக்குள் இன்னும் இரண்டு நோயாளிகள் படுத்திருப்பார்கள். அளவை மாற்றிக்கொள்ளுங்கள், திசையை மாற்றாதீர்கள். கதவுக்கும் அவருக்கும் நடுவில் நிற்காமலும், கதவை விட்டு நாம் விலகிப்போகாமலும், பக்கவாட்டில், கை தெரிய நிற்க வேண்டும். ஸ்டெதஸ்கோப் கழுத்தில் மாலையாகத் தொங்கக் கூடாது; பிடித்திழுக்க அதைவிட வசதியானது இல்லை.

'அமைதியா இருங்க' என்று சொல்லி இதுவரை யாரும் அமைதியானதில்லை. 'உக்காருங்கம்மா' என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டால் அமைதியானவர்கள் உண்டு. உட்கார்ந்துகொண்டு கத்துவதற்கு மனித உடம்பு தோதுப்படாது. சாவுச் செய்தி சொல்லும்போது இது இன்னும் முக்கியம். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றபடி, நடக்கும் நடையில், கூட்டத்தைப் பார்த்து அதைச் சொல்லவே கூடாது.

அதிகாரவசை இயல்

இவருக்குச் சர்க்கரையும் சரி, உயிர்வளியும் சரி, அச்சமும் இல்லை. வேண்டியது ஒன்றுதான்: தனக்கு ஆள் இருக்கிறது என்று நாலு பேர் பார்க்க நிரூபிப்பது. நீட்டப்பட்ட போனை வாங்கலாமா என்பது இவ்வியலின் நெடுநாளைய சர்ச்சை. வாங்கக் கூடாது என்பதே நம் துணிபு. 'பேஷண்ட்டப் பாத்துக்கிட்டிருக்கேன், ஆர்.எம்.ஓ. சார் நம்பருக்குப் பேசச் சொல்லுங்க' என்று நிலைய மருத்துவ அலுவலரிடம் திருப்பிவிட்டால் போதும். நேரமும் மிச்சம், பகையும் இல்லை.

இதன் கிளை, ஏ.ஆர். வசை. கோயில் கொடையில் இரு தரப்பு மோதும்; இரு தரப்பும் ஒரே ஆஸ்பத்திரிக்கு வரும்; இரு தரப்பும் அட்மிஷன் கேட்கும். விபத்துப் பதிவேடான ஏ.ஆரில் 'கொடுங்காயம்' என்று எழுதாத டாக்டர் எதிர்த்தரப்பிடம் காசு வாங்கியவர். கொடுங்காயம் எது என்பதை நாம் வகுக்கவில்லை, சட்டமே வகுத்திருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் எட்டு வகை. ஒரு வகையில் எலும்போ பல்லோ முறிய வேண்டும் அல்லது இடம்பெயர வேண்டும். எட்டாம் வகையில் கடும் வலி 15 நாள் நீடிக்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. பல் ஆடினால் போதாதா என்று கேட்டு வைவோர்க்குப் பதில் ஒன்றுதான்: கண்டதை எழுதுவேன், காணாததை எழுத மாட்டேன். இதை உரக்கச் சொல்லக் கூடாது, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

பெண் டாக்டர், சிஸ்டர், பயிற்சி மாணவி ஆகியோரைப் பார்த்து மட்டும் வரும் ஒருவகை வசவு உண்டு. அதற்கு விரி எழுத விருப்பமில்லை. அதைத் தணிக்கவும் வேண்டாம், பொறுக்கவும் வேண்டாம். வசவு வாங்கியவர் அந்தப் படுக்கையை விட்டு விலக வேண்டும், வேறொருவர் போக வேண்டும், புகார் போக வேண்டும். 2024 ஆகஸ்ட்டில் கொல்கத்தாவில் பணியில் இருந்த பெண் மருத்துவர் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, பணியில் உள்ளவர் தாக்கப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கை பதிய நிறுவனத் தலைவரே பொறுப்பு என்று மத்திய அரசு தன் மருத்துவமனைகளுக்குச் சொன்னது. அதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது.

கால இயல்

வசவு நிகழ்காலம், மிரட்டல் எதிர்காலம். எதிர்காலத்திலும் இரண்டு உண்டு. 'எங்கப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா இங்க ஒருத்தனும் இருக்க மாட்டீங்க' என்பது நிபந்தனையோடு கூடியது. நிபந்தனைக்குள் இருப்பது அப்பா. அதனால் அச்சவசையில் சேர்த்து, அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும். 'நீ எத்தன மணிக்கு டியூட்டி முடிப்ப?' என்பதில் நிபந்தனை இல்லை, மணி இருக்கிறது. இதற்கு மறுமொழியே கிடையாது. அவுட்போஸ்ட்டுக்கும் ஆர்.எம்.ஓ.வுக்கும் உடனே சொல்ல வேண்டும். அன்று தனியாக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகக் கூடாது. சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே, கொச்சையோடு, நேரம் போட்டு நோயாளிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். 'தகாத வார்த்தைகளால் பேசினார்' என்று எழுதுவது நாகரிகம். ஆனால் நீதிமன்றத்தில் அதற்குப் பயனில்லை.

நான்காம் வகை, ஒலியற்றது. இதுவரை கத்தியவர் திடீரென்று நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கிறார். ஆஸ்திரேலியாவில் ஓர் அவசரப் பிரிவில் நர்ஸ்களோடு இருந்து கவனித்தவர்கள் 2007இல் ஐந்து முன்குறி எழுதினார்கள்: முறைத்தல், குரல் மாறுதல், பதற்றம், முணுமுணுத்தல், உலாத்தல். ஐந்தில் கத்தலுக்கென்று தனித் தலைப்பு இல்லை, முறைத்தலுக்கு உண்டு என்பதைக் கவனிக்க. வசவைப் பார்த்துப் பயப்படும் புதியவர், இவரைப் பார்த்து 'தணிஞ்சிட்டாரு' என்று முதுகைத் திருப்புவார். திருப்பக் கூடாது. கேஷுவால்ட்டிக்கு வெளியேயும் கவனம் வேண்டும். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் ஒரு புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டது கேஷுவால்ட்டியில்கூட அன்று. பகலில், புறநோயாளர் அறையில்.

சட்டத்துக்கும் தன் இலக்கணம் உண்டு. ஆபாசச் சொல்லுக்கு 296, மிரட்டலுக்கு 351, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கினால் 132 என்று 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் புது எண்கள். மருத்துவப் பணியாளருக்கென்று தனியாகத் தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பிணையில் விட முடியாத குற்றம், பத்தாண்டு வரை சிறை. இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் காத்திருப்போர் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறோம். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் எங்கும் எழுதி மாட்டவில்லை. வைதவருக்கு வைத்தியம் மறுக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை என்பதையும் கேட்போர் குறித்துக்கொள்க. அடிபட்டு வந்தவரை யாராக இருந்தாலும் முதலில் காப்பாற்று, மற்றதெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. புகார் எழுதும் கையும் தையல் போடும் கையும் ஒரே கைதான், தையல் முதலில்.

கேஷுவால்ட்டிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளி போடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார், எப்போது விழுந்தார், எப்போதிலிருந்து பேச்சு மாறியது என்று தெரிந்த ஒருவர் மட்டும் உள்ளே வாருங்கள். மற்றவர்கள் வெளியே மரத்தடியில் நின்று எங்களை எவ்வளவு வேண்டுமானாலும் வையலாம், அதற்கு ஏ.ஆர். போட மாட்டோம்.